நான் கீழே இருக்கேன்

பாடாங் செராயில் எங்கள் கடை வரிசையில் பதினொரு கடைகள். பத்துக் கடைகளுக்கு முன்னால் இரண்டு படியோ மூன்று படியோ இருக்கும். முனையில் இருக்கும் நகலெடுக்கும் கடைக்கு மட்டும் படி இல்லை. எப்போதோ தள்ளுவண்டி ஏற்றுவதற்காகச் சிமெண்ட் போட்டுச் சரிவாக்கிவிட்டார்கள். அக்கா அங்கே மேசை போட்டதற்கு அது ஒன்றுதான் காரணம். முனைக் கடை ராசியானது என்று கடைக்காரர் லிம் அங்கிள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா மறுத்ததில்லை.

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அவருடைய மேசையில் இருந்தவை எனக்கு இன்னும் வரிசையாக நினைவிருக்கின்றன. கறுப்புப் பேனா நான்கு, நீலப் பேனா ஒன்று, கைரேகை வைக்க மைப்பெட்டி, விரலைத் துடைக்க ஈரத்துணி, யார் யாரோ மறந்துவிட்டுப் போன பாஸ்போர்ட் படங்கள் நிறைந்த மிட்டாய்ப் போத்தல். அடையாள அட்டை, சேமநிதி, சமூகநல உதவி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது என்று எந்த விண்ணப்பப் பாரமானாலும் நிரப்ப அங்கேதான் வருவார்கள். பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மூன்று மாதம் நான் அந்தக் கடையில் நகலெடுக்கும் வேலை பார்த்தேன். அக்காவுக்கு அப்போது முப்பது வயது இருக்கலாம்.

பேனாவைத் திறக்கும் முன் அவர் ஒரு கேள்வி கேட்பார்.

“ஒங்க பேர்ல எழுதவா?”

“அதுக்குத்தானே பஸ் ஏறி வந்திருக்கேன், எழுது தாயி,” என்பார் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த பெரியவர்.

“நீங்க சரின்னு சொன்னாதான் எழுதுவேன்.”

“சரி, சரி, எழுது.”

ஒவ்வொரு கட்டத்தையும் மலாயில் வாசித்து, தமிழில் சொல்லி, பதில் வாங்கிய பிறகே எழுதுவார். எதிரில் இருப்பவருடைய மதம் என்ன என்று நெற்றியைப் பார்த்தாலே தெரியும். இருந்தாலும் கேட்பார். வரிசை மருந்துக்கடை வரைக்கும் நீளும். லிம் அங்கிள் உள்ளேயிருந்து கத்துவார்: “அடுத்த கடையில ஒரு பாரம் அஞ்சு நிமிஷம் லா! ஒனக்கு அரை மணி நேரம்!”

“அப்படின்னா அங்க அனுப்புங்க அங்கிள்.”

அவர் அனுப்பியதில்லை. போனவர்களும் திரும்பி வந்துவிடுவார்கள்.

அக்காவால் நடக்க முடியாது. இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் பொருத்திய மோட்டாரில் வருவார். பின்னால் மடித்துக் கட்டிய சக்கர நாற்காலியை அவரே அவிழ்த்து, விரித்து, கையை ஊன்றி ஒரே வீச்சில் அதில் மாறிக்கொள்வார். பார்க்கிறவர்கள் பதறிப்போய் ஓடி வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். கால் எப்படிப் போனது என்று கேட்கிறவர்களுக்கு அவர் ஒரே பதிலை இரண்டு முறை சொல்லி நான் கேட்டதில்லை. கோயில் தலைவரிடம் பாம்பு என்றார். சமூகநல அதிகாரியிடம் தோட்டத்து லாரி என்றார். ஒரு சின்னப் பெண்ணிடம், “வித்துட்டேன். நல்ல வில கெடச்சுச்சு,” என்றார். எனக்கு எந்தப் பதிலும் வரவில்லை, நான் கேட்காததால்.

மாடியில் எதற்காவது போக வேண்டியிருந்தால் அக்கா போகமாட்டார். கீழே வந்து நின்று போன் செய்வார். “நான் கீழே இருக்கேன்.” அவ்வளவுதான். மன்னிப்பும் கேட்கமாட்டார், காரணமும் சொல்லமாட்டார். யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று மணியடிப்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார்.

நம் ஊர்களில் எந்த அலுவலகம்தான் தரையில் இருக்கிறது? வழக்கறிஞர், காப்புறுதி, பல் வைத்தியர், டியூஷன் எல்லாமே கடைகளுக்கு மேலே, குறுகிய படியில் ஏறிப்போக வேண்டிய முதல் மாடி. ஆகவே பாடாங் செராயில் பாதி நிர்வாகம் அக்காவுக்காகக் கீழே இறங்கி வந்திருக்கிறது. காப்புறுதி அலுவலகப் பெண் குதிகால் செருப்போடு முணுமுணுத்துக்கொண்டே இறங்குவதையும், பல் வைத்தியர் கையுறையோடு வந்து நடைபாதையிலேயே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

கோயிலில் இது பெரிய பேச்சாயிற்று. மேடான கோயில், முப்பது படிக்கு மேல் இருக்கும். நம் ஆட்களுக்கு நடக்க முடியாதவரைக் கண்டால் கை சும்மா இருக்காது. தைப்பூசத்தன்று நாலு பையன்கள் “வாங்கக்கா, சாமிகிட்ட கொண்டுபோறோம்” என்று நாற்காலியில் கை வைத்தார்கள். அக்கா பிரேக்கைப் போட்டுவிட்டார்.

“வேணாம்ப்பா. நான் இங்கேருந்தே கும்பிட்டுக்குறேன்.”

“புண்ணியம்க்கா எங்களுக்கு!”

“ஒங்க புண்ணியத்துக்கு வேற மூட்டையத் தூக்குங்க.”

கோயில் தலைவருக்குக் கோபம். “என்னாம்மா, சாமி ஒனக்காகக் கீழ எறங்கி வரணுமா?”

“வருதே அண்ணே. வருஷத்துக்கு ஒரு தடவ தேர்ல எல்லாருக்காகவும்தானே எறங்கி வருது.”

அந்த வருடம் தேர் எங்கள் கடை வரிசைக்கு வந்தபோது முனைக் கடைக்கு முன்னால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. யார் நிறுத்தச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

இப்படி எழுதினால் எல்லாம் வேடிக்கையாகத் தெரியும். எப்போதும் அப்படி இல்லை. அக்காவின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம், கூலிமில், ஒரு மண்டபத்தின் மாடியில். அக்கா கீழே கார் நிறுத்துமிடத்தில் இருந்துகொண்டு போன் செய்தார். மணப்பெண் மாலையோடு இறங்கி வந்தாள். பட்டுச்சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, படிப்படியாக, அழுதுகொண்டே வந்தாள். “ஒரு நாளு, ஒரே ஒரு நாளு எனக்காக விட்டுக்குடுக்கக் கூடாதாக்கா?” என்றாள். அக்கா அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, பரிசைக் கையில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். நான் அவரோடு போயிருந்தேன். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. “திமிரு,” என்றார் அம்மா, நான் வீட்டில் சொன்னபோது. நானும் மறுக்கவில்லை.

அக்காவுக்கு ஒரு வழக்கு இருந்தது. மேசை போடுவதற்கு முன்னால் அவர் பீடோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பொருள்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். நிர்வாகம் அந்தப் பகுதியை மாடிக்கு மாற்றியது. அக்காவுக்கு ஒரு மாத அவகாசம் கொடுத்து, பிறகு வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. சட்ட உதவியில் ஒரு வழக்கறிஞர் கிடைத்து, விசாரணைக்கு வரவே சில வருடம் ஆகிவிட்டது. நான் அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறை என்பதால் துணைக்குப் போனேன்.

நீதிமன்ற அறை இரண்டாவது மாடியில். மின்தூக்கிக் கதவில் ‘ரோசாக்’ என்று காகிதம் ஒட்டியிருந்தது. பழுது. வழக்கறிஞர் மேலே போய்ச் சொன்னார். மனுதாரரைத் தூக்கி வரச் சொல்லி நீதிபதியிடமிருந்து உத்தரவு வந்தது. நாலு பேர் இறங்கி வந்தார்கள்: இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு குமாஸ்தா, ஒரு காவலாளி. நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். காலை நான் பிடித்துக்கொள்கிறேன் என்றார் ஒருவர். நாற்காலியோடு தூக்கலாமா, தனியாகத் தூக்கலாமா என்றார் இன்னொருவர். படி திரும்பும் இடம் குறுகலாக இருக்கிறது, தலைப்பக்கம் முன்னால் போகட்டும் என்றார் காவலாளி. நல்ல மனிதர்கள். ஒருவருக்குக்கூட முகத்தில் சிடுசிடுப்பு இல்லை. அக்கா ஒவ்வொருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு பேரில் ஒருவரும் அவரைப் பார்த்துப் பேசவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினார். “மேல போய் லாயர்கிட்ட சொல்லு. நான் கீழ இருக்கேன்.”

கீழ்த்தளத்தில் பதிவேட்டு அறை காலியாக இருந்தது. அங்கே விசாரிக்கலாம், அல்லது வேறு நாள் கொடுக்கலாம் என்று வழக்கறிஞர் கேட்டுப் பார்த்தார். கால் மணி நேரத்தில் வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. அதை நான் மலாயிலும் தமிழிலும் மனப்பாடமாகச் சொல்வேன்: ‘தூக்கிச் செல்ல நால்வர் ஆயத்தமாக இருந்தும் மனுதாரர் மேலே வர மறுத்துவிட்டார்.’

படியேற முடியாததால் வேலை போனது. படியேற முடியாததால் வழக்கும் போனது. மேல்முறையீடு செய்யலாம் என்றார் வழக்கறிஞர். அதற்குள் அந்தத் தொழிற்சாலையே மூடிக்கொண்டு போய்விட்டது.

திரும்பி வரும் வழியில் நான் கேட்டேன். “ஒரு நாள் தூக்க விட்டிருந்தா என்னாக்கா? கேஸ் நின்னிருக்கும்ல?”

பதில் எனக்குக் கிடைத்தது அடுத்த ஆண்டு மழையில். ஆறு பெருகி, அக்கா வீடு இருந்த தாமான் குடியிருப்புக்குள் தண்ணீர் வந்துவிட்டது. நான் போனபோது அக்கா வீட்டுக்குள் முழங்கால் அளவுத் தண்ணீரில் நாற்காலியில் இருந்தார். தீயணைப்புப் படை இளைஞன் ஒருவன் வாசலில் நின்று, “காக், சாயா அங்காட், போலே?” என்றான். நான் தூக்கலாமா அக்கா என்கிறான். அக்கா உடனே, “போலே,” என்று கையை அவன் கழுத்தில் போட்டுக்கொண்டார். அவன் குழந்தையைப் போல் தூக்கிப் படகில் வைத்தான். நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

“என்னா பாக்குற? கேட்டான். சரின்னேன்.”

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நீதிமன்றப் படிக்கட்டின் கீழே அவர் எதையும் மறுக்கவில்லை. அவரை யாரும் எதையும் கேட்கவில்லை.

நான் படிப்பு முடித்து, கூலிம் ஹைடெக் பூங்காவில் சிப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் கருவிகளைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். ஓய்வு நாட்களில் அக்காவின் மேசைக்குப் போய்விடுவேன். “வாங்க, இஞ்சினியரம்மா. பேனா பிடிக்கத் தெரியுமா இன்னும்?” என்பார். அங்கே மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஒன்றும் நடந்தது. நடந்தது என்றால் நடைபாதையில், அந்த மேசையைச் சுற்றி. செயலாளர் ரஷீட்; அபாங், அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பார்வையில்லாதவர், தோட்டத்துப் பக்கம் வளர்ந்ததால் எங்களைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். அவருடைய கைப்பேசி செய்திகளை அவருக்கு மட்டும் விளங்கும் வேகத்தில் வாசித்துக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் பழைய வழக்கறிஞர் அக்காவைக் கூப்பிட்டார். அந்த நீதிபதியின் பெயர் உயர்நீதிமன்றத்துக்குப் பரிந்துரையில் இருக்கிறது, அதிகாரபூர்வமாக வெளியாகவில்லை, நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் ஆணையம் இப்போது கருத்துக் கேட்கிறது, ஆட்சேபம் இருந்தால் எழுதலாம் என்றார்.

மேசையைச் சுற்றி ஒரே சத்தம். சங்க உறுப்பினர் ஒருவருக்கு இதில் விருப்பமில்லை. “அவரு நல்ல மனுசன்லா. போன வருஷம்கூட உடம்பு முடியாதவங்க இல்லத்துக்குச் சக்கர நாற்காலி எட்டு குடுத்தாரு. பேப்பர்ல படம் வந்துச்சே.”

“குடுத்தாரு. அதுல உக்காந்து எங்க போறதுன்னுதான் நாம கேக்குறோம்,” என்றார் அக்கா.

“ஜட்ஜப் பகைச்சுக்கிட்டா சூசா, நமக்குத்தான் கஷ்டம்.”

“எனக்கு அவர் மேல பகை இல்லண்ணே. அவர் மேல போகட்டும், கீழ போகட்டும். அந்த வரி அவரோட மேல போகக் கூடாது. நாளைக்கு வேற ஒருத்தன் எங்கயோ ஒரு படிக்கட்டு கீழ உக்காந்திருப்பான். ‘அதான் நாலு பேர் இருந்தாங்கல்ல, ஏன் வரல’ன்னு அவனையும் கேப்பாங்க. மேல் கோர்ட்டு ஜட்ஜே எழுதிட்டாருன்னு எடுத்துக் காட்டுவாங்க.”

ரஷீட் அபாங் சிரித்தார். “கட்டடம் கட்டுறவனுக்கு லாபம். நாலு ஆள் போட்டா போதும், லிஃப்டு வேணாம்.”

கடிதம் எழுதினோம். அக்கா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். அன்று நேரில் பார்த்த சாட்சியாக, யாரும் அவரிடம் கேட்கவில்லை என்பதை நான் தனியாக எழுதிக் கையெழுத்திட்டேன். கையெழுத்து வாங்கத்தான் மூன்று வாரம் ஆயிற்று. நாற்பத்தொரு பேர். ஒவ்வொருவருக்கும் முழுக் கடிதத்தையும் வாசித்துக் காட்டி, “ஒங்க பேரச் சேத்துக்கவா?” என்று கேட்டு, அவர் யோசித்துச் சொல்லும்வரை அக்கா காத்திருந்தார். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கும் தேநீர் வந்தது. பதில் வர வேண்டிய முகவரிக்கு லிம் அங்கிள், “என் கடை அட்ரஸ் போடு லா. நான் காப்பி எடுக்குறவன், என்னை என்னா செய்வான்?” என்றார்.

அஞ்சலில் சேர்க்கும் பொறுப்பு என்னுடையது. நான் ஒரு பட்டியல் போட்டேன். பக்க எண், இணைப்பு, நகல்கள், முத்திரை, பதிவு அஞ்சல். முந்தின நாள் வீட்டில் கடைசியாகச் சரிபார்த்தபோது ‘தொடர்பு எண்’ என்ற இடத்தில் என் கண் நின்றது. அக்காவின் எண். பழைய கைப்பேசி, கடைத்தெருச் சத்தத்தில் பேசுவார், யாராக இருந்தாலும் வெடுக்கென்று கேட்பார். இவை நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். உண்மையான காரணத்தையும் எழுதுகிறேன். ஆணையத்திலிருந்து பேசுகிற அதிகாரிக்கு, பாரம் எழுதுகிற அக்காவின் மலாயைவிட இஞ்சினியரின் ஆங்கிலம் மதிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அவருடைய எண்ணை அழித்து என் எண்ணைப் போட்டேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி அச்செடுத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் வேலைப் பகுதிக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது. வெளியே பெட்டியில் பூட்டிவிட்டு, முழு உடலையும் மூடும் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவோம். அந்த வாரம் இரண்டு கருவிகள் ஒன்றாகப் படுத்துவிட்டன. ஷிஃப்ட் முடிந்து பெட்டியைத் திறந்தபோது தவறிய அழைப்பு ஒன்று. 03 என்று தொடங்கும், தலைநகர்ப் பக்கத்துத் தெரியாத எண். மறுநாளும் அதே எண். அதற்கு மறுநாளும்.

நான் திரும்பக் கூப்பிடவில்லை. நம் நாட்டில் 03 எண்ணிலிருந்து யார் கூப்பிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ‘நீதிமன்றத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, மேலும் அறிய ஒன்றை அழுத்துங்கள்’ என்று ஒரு இயந்திரக் குரல் சொல்லும். அழுத்தினால் வங்கிக் கணக்கு காலி. என் அம்மாவுக்கே நான்தான் பாடம் எடுத்திருந்தேன்: கோர்ட் என்று சொன்னால் உடனே வைத்துவிடு. மூன்றாவது நாள் அந்த எண்ணை முடக்கிவிட்டேன்.

பத்து நாள் கழித்து லிம் அங்கிள் கடைக்குக் கடிதம் வந்தது. நான் ஓய்வு நாளில் போனபோது அக்கா அதை மேசையில் விரித்து வைத்திருந்தார். ‘சில விளக்கங்கள் பெறுவதற்காகக் கடிதத்தில் தரப்பட்ட எண்ணில் மூன்று நாள் மூன்று முறை தொடர்புகொள்ள முயன்றோம். பதில் கிடைக்கவில்லை.’ கீழே எண்ணும் இருந்தது.

“இது யார் நம்பர்?” என்றார். அவருக்குத் தெரியும்.

“என்னோடதுக்கா.”

“நான் என் நம்பர்லா போட்டேன்.”

“நான் மாத்திட்டேன். ஒங்களுக்குச் சிரமம் வேணாம்னு…”

அக்கா கடிதத்தை மடித்து உறையில் போட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

“கால நீ பிடிச்சியா, தலையப் பிடிச்சியா?” என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. நீதிமன்றத்து நாலு பேர் நினைவுக்கு வந்தபோது அங்கே நிற்க முடியவில்லை. கடைக்குள் போய், நகலெடுக்க ஒன்றும் இல்லாமல் இயந்திரத்தின் மூடியைத் திறந்து திறந்து மூடினேன். அவர்கள் கூப்பிட்ட அன்றெல்லாம் தன் போன் மேசையில்தான் இருந்தது, மூன்று நாளும் இருந்தது என்று அக்கா வெளியே ரஷீட் அபாங்கிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. அவர் குரலில் கோபம் இல்லை. காத்திருந்தவரின் குரல் அது.

அந்த மாதமே நியமனப் பட்டியல் நாளிதழில் வந்தது. நாலாவது பெயர் அவருடையது. எங்கள் விளக்கம் கிடைத்திருந்தால் பட்டியல் மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. மாறியிருக்காது என்றுதான் வழக்கறிஞர் சொன்னார். அவர் எனக்காகச் சொன்னாரா என்பதும் தெரியாது.

நான் ஆணையத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். எண்ணை மாற்றியது நான், மனுதாரருக்குத் தெரியாது, அவர் பேச ஆயத்தமாகவே இருந்தார், அழைப்பை எடுக்காத குற்றம் முழுவதும் என்னுடையது. அக்காவிடம் காட்டினேன். வாங்கவில்லை. “அது ஒன் கடுதாசி. நீ கையெழுத்துப் போடு.”

அதற்குப் பிறகும் என்னிடம் பேசினார், சிரித்தார், இஞ்சினியரம்மா என்றார். ஆனால் நான் மேசையில் எதையாவது எடுத்து வைக்கப் போனால் அவர் கை முன்னால் வரும். முன்பு அப்படி இருந்ததில்லை.

அக்காவுக்கு உட்கார்ந்தே இருந்ததில் வந்த புண் ஒன்று ஆறவில்லை. கிள்ளானிலிருந்து தம்பி வந்து, தன் வீட்டுக்கு வருகிறீர்களா என்று கேட்டு அழைத்துப் போனார். மேசையை லிம் அங்கிள் உள்ளே தள்ளிவைத்தார். பாரம் நிரப்ப வருகிறவர்கள் கொஞ்ச நாள் சரிவில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆணையத்தின் பதில் நாலு மாதம் கழித்து வந்தது. நான் கிள்ளானுக்குப் போன் செய்து வாசித்தேன். இரண்டே வரி. கடிதம் கிடைத்தது, நியமனம் முடிந்துவிட்டது, தங்கள் இரு கடிதங்களும் கோப்பில் சேர்க்கப்பட்டன.

அக்கா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“எந்த ஃபைல்ல?”

“ஆங்?”

“அந்த ஜட்ஜோட ஃபைல்லயா, நம்மளோட ஃபைல்லயா? நம்ம ஃபைல்னா அது அலமாரிக்குப் போயிரும். அவர் ஃபைல்னா அவர் எங்க போனாலும் கூடவே போகும். அடுத்த தடவ அவர் பேர் மேல போறப்ப எவனாவது தொறந்து பாப்பான்ல?”

கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “போடலக்கா.”

“கேட்டு எழுது.”

“சரிக்கா.” பிறகு கேட்டேன். “யார் நம்பர் போட?”

அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. “என் நம்பர்தான் போடணும். வேற யாரு பேசுவா?”

எழுதினேன். எந்தக் கோப்பு என்று தெரிவிக்கவும். தொடர்பு எண், அவருடையது. அனுப்பிய ஆறாவது வாரம் புண்ணின் நஞ்சு ரத்தத்தில் கலந்து, கிள்ளான் மருத்துவமனையில் அக்கா இறந்துபோனார்.

இப்போதும் ஷிஃப்ட் முடிந்து அந்த வரிசை வழியாகத்தான் மோட்டாரில் வீட்டுக்குப் போகிறேன். சுற்றுவழி. எதிரில் யாராவது என்னைக் கேள்வி கேட்டு, பதிலுக்காகப் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்து எவ்வளவு காலமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறேன்.

அவருடைய எண்ணுக்கு மாதம் தவறாமல் நான்தான் பணம் கட்டி ரீலோட் செய்கிறேன், இணைப்புப் போய்விடக் கூடாது என்று. கைப்பேசி தம்பி மனைவியிடம் இருக்கிறது. நாள் முழுக்க வீட்டில் இருப்பவர். வாரம் ஒருமுறை கூப்பிட்டுக் கேட்பேன்.

“ஏதாச்சும் கால் வந்துச்சா, அண்ணி?”

“நேத்து ஒன்னு வந்துச்சும்மா. 03. கோர்ட்டுலேருந்துன்னான். மிஷின் குரல். கோர்ட்டுன்னு சொன்னா வைக்காதீங்கன்னு நீ சொல்லியிருந்தியா, அதான் ஒன்ன அமுக்குன்னான், அமுக்குனேன்.”

“ஐயோ, பேங்க் நம்பர் ஏதும் கேட்டானா?”

“கேட்டான். நான் சொல்லல. ஒரு ஆள் பேசுனான், ஒங்க பேர்ல கேஸ் இருக்கு, ஃபைல் இருக்குன்னான். நீ கேக்கச் சொன்னதத்தான் கேட்டேன், எந்த ஃபைல்னு.”

“என்னா சொன்னான்?”

“வச்சிட்டான்ம்மா.”